விழுமுன் தாங்கும் கைகள்



மருத்துவமனையின் தேவைகளைப் பட்டியலிட்டு உங்களுக்கு அனுப்பும்போது, எக்ஸ்ரே இயந்திரம், ஆபரேஷன் தியேட்டர் விளக்கு போன்ற பெரிய தேவைகளுக்குக் கீழே சில சிறிய காரியங்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழிப்பறைச் சுவரில் பொருத்தக் கைப்பிடிக் கம்பி, கட்டில் சக்கரங்களுக்குப் பூட்டு, இரவு விளக்கு, அடியில் ரப்பர் வைத்த கைத்தடி. "உயிர் காக்கும் மருந்துக்குக் கொடுக்கிறோம், சரி. கம்பிக்கும் சக்கரத்துக்குமா காணிக்கை?" என்று சிலர் அன்போடு கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மருத்துவமனைக்குள் நோயாளி கீழே விழுந்துவிடாமல் காப்பது செவிலியரின் அன்றாடப் பணிகளில் ஒன்று. அது வெளியே தெரியாத பணி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் குடும்பமே வந்து நன்றி சொல்லும். ஒரு பாட்டி இரவில் விழாமல் இருந்துவிட்டால் அதற்காக யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள். அப்படி ஒன்று நடக்க இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு விழுகை என்ன செய்துவிடும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகெங்கும் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுகைக்குத்தான். இந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நம்முடையதைப் போன்ற ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் நடக்கின்றன. மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான விழுகைகள் ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம். இவை வீடு, தெரு, வேலைத்தளம், மருத்துவமனை என எல்லா இடங்களையும் சேர்த்த கணக்கு. விழுந்து மரிப்பவர்களில் அதிகமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

காய்ச்சலுக்காக வார்டில் சேர்க்கப்பட்ட ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளை மறுநாள் வீடு திரும்பவேண்டும். அதிகாலையில் கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. வயதானவருக்கு அது சின்னக் காரியமல்ல. ஆபரேஷன், பல வாரப் படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சில் சளி, காலில் இரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரலாம். எழுந்து நடந்தாலும் பழைய நடை எல்லோருக்கும் திரும்புவதில்லை. கூலி வேலை செய்யும் மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு உடனிருக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் நடந்த காரியத்துக்காக முழுக் குடும்பமும் கடனில் விழுகிறது.

எலும்பு முறியாவிட்டாலும் மனதில் பயம் தங்கிவிடும். மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்று நடப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நடை குறைந்தால் கால் தசை தளரும், தளர்ந்தால் விழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஏன் மருத்துவமனையில் விழுகிறார்கள்?

வீட்டில் விழாதவர் இங்கே வந்து ஏன் விழவேண்டும்? காரணங்கள் பல, அவை ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது, இடம் புதிது. நம்மிடம் வரும் கிராமத்துப் பெரியவர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் பாயில் படுத்துப் பழகியவர்கள். பாயிலிருந்து புரண்டால் தரைதான். இரும்புக் கட்டிலிலிருந்து புரண்டால் அப்படியல்ல. தூக்கக் கலக்கத்தில், பாயிலிருந்து எழுவதாக நினைத்துக் காலை நீட்டுகிறார்கள். கழிப்பறையும் புதிது. குத்தவைத்து உட்கார்ந்து பழகியவருக்கு நாற்காலி போன்ற மேல்நாட்டுக் கழிப்பறை விளங்காமல், அதன் விளிம்பின்மேல் ஏறி உட்கார முயல்வதும் உண்டு. முழங்கால் வலியுள்ளவருக்கோ, குத்தவைத்தால் எழுந்திருக்க முடியாது.

இரண்டாவது, நோய். காய்ச்சல், இரத்தசோகை, வயிற்றுப்போக்கு ஆகியவை உடலைத் தளரச் செய்கின்றன. நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தரை ஈரமா காய்ந்ததா என்றே தெரியாது. கண்புரை ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு கண் மூடியிருக்கும். படியின் ஆழம் சரியாகப் புலப்படாது. படுத்திருந்தவர் திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருண்டுவிடும்.

மூன்றாவது, மருந்து. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, சர்க்கரையைக் குறைக்கும் ஊசி ஆகிய ஒவ்வொன்றும் தேவையான மருந்தே. ஆனால் தலைசுற்றலையோ, தடுமாற்றத்தையோ, அவசரமாய்க் கழிப்பறைக்கு ஓடவேண்டிய நிலையையோ உண்டாக்கக்கூடியவை. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தவருக்குக் கால் மரத்திருக்கும். "மரப்பு விட்டுவிட்டது" என்று அவர் நினைப்பார், ஆனால் முழுதும் விட்டிருக்காது.

நான்காவது, கூச்சம். நம் ஜனங்களிடம் இது அதிகம். "சிஸ்டர் பாவம், இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் போய் அவர்களைக் கூப்பிடுவதா?" என்று நினைத்துத் தாங்களாகவே எழுந்துவிடுகிறார்கள். துணைக்கு வந்த மகள் கட்டிலுக்குக் கீழே அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பவும் மனம் வராது. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல குணமே பல விழுகைகளுக்குக் காரணமாகிவிடுகிறது.

முதியவர்கள் மட்டும் விழுவதில்லை. பிரசவமான இளம் தாய், இரத்தம் இழந்த நிலையில் முதன்முறை எழும்போது மயங்கி விழலாம். பாலூட்டிக்கொண்டே தாய் கண்ணயர்ந்தால் பச்சைக்குழந்தை கையிலிருந்து நழுவலாம். ஆகவே பிரசவ வார்டிலும் இந்த விழிப்பு தேவை.

செவிலியர் எப்படிக் கணிக்கிறார்?

நோயாளி வார்டுக்குள் நடந்துவரும்போதே செவிலியரின் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. சுவரைப் பிடித்து வருகிறாரா? காலை இழுத்து வைக்கிறாரா? வேட்டி நுனி காலில் தட்டுகிறதா? செருப்பு தேய்ந்திருக்கிறதா? நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறாரா? பிறகு உட்காரவைத்துக் கேட்கிறார்: "ஐயா, சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா? எந்த நேரத்தில்? எழுந்தவுடன் தலை சுற்றியதா?" முன்பு விழுந்தவர் மறுபடியும் விழக்கூடும் என்பதால் இந்தக் கேள்விக்கு முதலிடம். பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். அதனால் உடன் வந்தவரிடமும் விசாரிப்பது வழக்கம்.

இந்தக் கணிப்பை ஒழுங்குபடுத்த உலகெங்கும் பல அளவுகோல்கள் பயன்படுகின்றன. அதிகம் பயன்படுவது மோர்ஸ் அளவுகோல். கனடாவில் பணிபுரிந்த ஜானிஸ் மோர்ஸ் என்ற செவிலியப் பேராசிரியர் தம் குழுவினருடன் இதை உருவாக்கி 1989-ல் வெளியிட்டார். இதில் ஆறு கேள்விகள் மட்டுமே உண்டு.

1. இப்போதோ கடந்த மூன்று மாதங்களுக்குள்ளோ விழுந்திருந்தால் 25 மதிப்பெண்.

2. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15.

3. கைத்தடி, வாக்கர் வைத்து நடந்தால் 15. கட்டில், மேசை என்று எட்டியதைப் பற்றிக்கொண்டு நடந்தால் 30.

4. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலோ, அதற்கான ஊசி கையில் இருந்தாலோ 20.

5. நடை தளர்ந்திருந்தால் 10. மிகவும் பாதிக்கப்பட்டிருந்தால் 20.

6. தன் பலவீனத்தை உணராமலோ மறந்தோ "நானே போவேன்" என்பவருக்கு 15.

மொத்தம் 125. பல மருத்துவமனைகள் 45-ம் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து என்று கொள்கின்றன. நோயாளிகளின் தன்மைக்கேற்ப ஒவ்வொரு வார்டும் இந்த எல்லையை அமைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம். 60 வயதுப் பெண் ஒருவர் நிமோனியாக் காய்ச்சலோடு வருகிறார். முன்பு விழுந்ததில்லை, தடி இல்லாமல் நடக்கிறார், தெளிவாய்ப் பேசுகிறார். பார்வைக்கு ஆபத்தே இல்லை. ஆனால் சர்க்கரை நோயும் உண்டு, அதற்கு 15. டிரிப்ஸ் ஏறுகிறது, அதற்கு 20. காய்ச்சலால் நடை தளர்ந்திருக்கிறது, அதற்கு 10. கூட்டினால் 45. ஆகவே அவரும் கவனிக்கவேண்டியவரே. மூன்று நாளில் டிரிப்ஸும் ஊசியும் எடுக்கப்பட்டால் 25-ஆகக் குறைகிறது. இதிலிருந்து ஒன்று விளங்கும்: அனுமதிக்கும் நாளில் ஒருமுறை எழுதிவைத்தால் போதாது. ஆபரேஷனுக்குப் பின்பும், புது மருந்து தொடங்கும்போதும், வேறு வார்டுக்கு மாற்றும்போதும், நிலைமை மாறும்போதெல்லாமும் மறுபடியும் கணிக்கவேண்டும்.

இதோடு இரண்டு எளிய சோதனைகளும் உண்டு. படுத்திருப்பவரின் இரத்த அழுத்தத்தை எடுத்துவிட்டு, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் எடுப்பது ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால், எழும்போது மயங்கும் அபாயம் உண்டு என்று அறிந்து டாக்டரிடம் சொல்வார். மற்றது 1991-ல் வெளியான நடைச் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்காரவேண்டும். முதியவர் ஒருவருக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ பிடித்தால் கவனம் தேவை என்று கொள்கிறார்கள். கைக்கடிகாரமும் நாற்காலியும் இருந்தால் போதும்; எந்தச் சிறிய மருத்துவமனையிலும் செய்யலாம்.

மதிப்பெண் மட்டும் காப்பாற்றாது

தாளில் எண்ணை எழுதிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணும் சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமாகிய நைஸ், யார் விழுவார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் மதிப்பெண் முறைகளை நம்பியிருக்க வேண்டாம் என்று 2013-லேயே அறிவுறுத்தியது. 65 வயதைக் கடந்த உள்நோயாளிகள் எல்லோரையும் விழக்கூடியவர்களாகவே கருதி, ஒவ்வொருவருக்கும் உள்ள காரணங்களைத் தேடிச் சரிசெய்யுங்கள் என்பது அதன் ஆலோசனை. 2022-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட உலக வழிகாட்டியும் இதே கருத்தையே கூறுகிறது.

ஆகவே அளவுகோலை எதையும் மறந்துவிடாதபடி கேட்க உதவும் ஒரு பட்டியலாகப் பயன்படுத்துவது நல்லது. அதற்குப்பின் வரவேண்டிய கேள்வி, "இவர் எதனால் விழக்கூடும், அதற்கு நாம் என்ன செய்யலாம்?" என்பதே. எழும்போது பி.பி. இறங்கினால் மாத்திரையை மறுபரிசீலனை செய்ய டாக்டரைக் கேட்கவேண்டும். கண் தெரியாவிட்டால் வீட்டிலிருந்து கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லவேண்டும். இரவில் நான்குமுறை சிறுநீர் கழிக்க எழுபவரின் கட்டிலைக் கழிப்பறைக்கு அருகே மாற்றவேண்டும், அல்லது படுக்கையருகே யூரினல் வைக்கவேண்டும். நேற்றுவரை தெளிவாய் இருந்த முதியவர் இன்று பிதற்றினால், வயது காரணம் என்று விட்டுவிடாமல், கிருமித் தொற்றோ உப்புக் குறைவோ சிறுநீர் அடைப்போ என்று தேடவேண்டும்.

வார்டில் அன்றாடம் செய்யப்படுபவை

எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான காரியங்கள் சில உண்டு. கட்டில் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கவேண்டும், சக்கரம் பூட்டப்பட்டிருக்கவேண்டும். தண்ணீர், கண்ணாடி, கைத்தடி, கூப்பிடும் மணி ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். தரை துடைத்தவுடன் காயும்வரை அங்கே யாரும் நடக்காதபடி பார்க்கவேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் வாளி, பை, பாய் கிடக்கக்கூடாது. இரவில் முழு இருட்டு கூடாது. டிரிப்ஸ் மாட்டிய ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போகவிடக்கூடாது.

செவிலியர் குறிப்பிட்ட நேர இடைவெளியில் ஒவ்வொரு கட்டிலாகச் சென்று, வலி உண்டா, கழிப்பறைக்குப் போகவேண்டுமா, வேண்டியது கைக்கெட்டுகிறதா என்று கேட்கிறார். "வேண்டுமானால் கூப்பிடுங்கள்" என்பதற்கும், "வாங்கம்மா, இப்போது போய் வந்துவிடலாம்" என்பதற்கும் வித்தியாசம் அதிகம். முன்னது கூச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறது, பின்னது எடுத்துப்போடுகிறது.

எழும் முறையையும் கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் ஒருபக்கம் திரும்பி, மெதுவாய் உட்காரவேண்டும். காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை மேலும் கீழும் அசைத்துச் சற்று இருக்கவேண்டும். தலை சுற்றவில்லை என்றால் பிடித்துக்கொண்டு எழவேண்டும். எழுந்து நின்ற இடத்திலேயே சிறிது நேரம் நின்று, பிறகு நடக்கவேண்டும். இதைச் சொன்னால் மட்டும் போதாது. "எங்கே, நீங்கள் எப்படி எழுவீர்கள், காட்டுங்கள் பார்ப்போம்" என்று செய்துகாட்ட வைத்தால்தான் மனதில் நிற்கும்.

மேல்நாட்டு மருத்துவமனைகளில் பெரும்பாலும் காணாத ஒரு பலம் நம்மிடம் உண்டு. அது துணைக்கு இருப்பவர். நம் வார்டுகளில் அநேகமாய் ஒவ்வொரு நோயாளியுடனும் மகனோ, மகளோ, மருமகளோ, அக்காவோ இரவும் பகலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் பிடிப்பது, எப்போது சிஸ்டரைக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அவர்களும் களைத்தவர்கள். பயணம் செய்து, பட்டினி கிடந்து, தரையில் உறங்குபவர்கள். துணை இருக்கிறார் என்பதற்காகச் செவிலியர் தம் பொறுப்பை அவர்மேல் வைத்துவிட முடியாது.

ஆராய்ச்சிகள் கற்பித்தவை

இந்தப் பணியில் நல்லெண்ணத்தோடு செய்த எல்லாம் பலன் தரவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லவேண்டும். முற்காலத்தில் விழக்கூடிய நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. கட்டுவதால் விழுகைகள் நிற்கவில்லை. கட்டை அவிழ்க்கப் போராடிக் காயப்பட்டார்கள், படுக்கைப் புண் வந்தது, மனம் உடைந்தது. கட்டிலின் பக்கக் கம்பியும் அப்படியே. மயக்கத்தில் புரள்பவரை அது காக்கும். ஆனால் குழம்பிய மனதுடன் எழ முயல்பவர் அதன்மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

நோயாளி எழுந்தால் ஒலிக்கும் கருவியை அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவியின் உபயோகம் அதிகரித்தது, விழுகைகள் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில், அறிவிப்புப் பலகை, தாழ்வான கட்டில், ஒலிக்கருவி முதலிய பல ஏற்பாடுகளைச் சேர்த்து ஒரு திட்டமாகச் செய்தார்கள். 2016-ல் வெளியான அதன் முடிவிலும் விழுகையோ காயமோ குறையவில்லை.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் மூன்று மருத்துவமனைகளின் 14 வார்டுகளில் ஒரு முறையைக் கையாண்டு 2020-ல் வெளியிட்டார்கள். செவிலியர், நோயாளியோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து, "உங்களுக்கு இந்த இந்தக் காரணங்களால் ஆபத்து, அதற்கு நாம் இதை இதைச் செய்வோம்" என்று பேசி, படங்களோடு ஒரு தாளில் குறித்துக் கட்டிலருகே மாட்டினார். அங்கே விழுகைகள் 15 சதவீதமும், காயம் உண்டாக்கும் விழுகைகள் 34 சதவீதமும் குறைந்தன. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதில் இல்லை. தாள், பேனா, சில நிமிடங்கள், நோயாளியைத் தம் பராமரிப்பில் பங்காளியாக ஏற்றுக்கொள்ளும் மனம், அவ்வளவே. மிஷன் மருத்துவமனைகளுக்கு இது நற்செய்தி அல்லவா?

ஒருவரும் ஒருக்காலும் விழக்கூடாது என்பதே ஒரே குறிக்கோளானால், எல்லோரையும் படுக்கையிலேயே வைத்துவிடத் தோன்றும். அது தவறு. படுத்தே கிடக்கும் முதியவரின் கால் தசை சில நாட்களிலேயே தேயத் தொடங்குகிறது. நடக்கவந்தவரை நடக்காதவராக அனுப்பிவிட்டு, "எங்களிடம் யாரும் விழவில்லை" என்று சொல்வதில் மகிமை இல்லை. நடக்கவைக்கவேண்டும்; நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். அதற்குத்தான் ஆட்கள் தேவை.

விழுந்துவிட்டால்?

எவ்வளவு கவனித்தாலும் சிலர் விழுவார்கள். நடத்திச் செல்லும்போது நோயாளி சாய்ந்தால், செவிலியர் அவரைத் தூக்கி நிறுத்த முயலக்கூடாது, இருவரும் விழுவார்கள். காலை அகட்டி நின்று, அவரைத் தம் உடலோடு சாய்த்து, தம் காலின்மேல் சறுக்கவிட்டு மெதுவாய்த் தரையில் உட்காரவைத்துத் தலையைக் காக்கவேண்டும்.

விழுந்து கிடப்பவரை உடனே தூக்குவதும் தவறு. உறவினர்கள் பதறி, கைக்கு இருவராகப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். முறிந்த எலும்பு அதனால் விலகிவிடலாம். முதலில் பேசவேண்டும். நினைவு இருக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகியோ வெளிப்புறம் திரும்பியோ கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். நாடி, பி.பி., சர்க்கரை பார்க்கவேண்டும். டாக்டர் பார்த்தபின்பே பாதுகாப்பாய் எடுக்கவேண்டும். தலை அடிபட்டிருந்தால் பல மணி நேரம் நினைவையும் கண் பாவையையும் கவனிக்கவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயின் இன்னும் அதிகக் கவனம். உள்ளே கசியும் இரத்தம் தாமதமாய்த் தெரியவரும்.

பின்பு நடந்ததை உள்ளபடி எழுதிவைக்கவேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்யப் போனார், தரை எப்படி இருந்தது, விளக்கு எரிந்ததா? மருத்துவமனைகள் இதை ஆயிரம் படுக்கை நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகின்றன. 60 படுக்கைகள் 30 நாள் நிறைந்திருந்தால் 1,800 படுக்கை நாட்கள். அந்த மாதம் மூவர் விழுந்திருந்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1.7. ஆனால் எண் குறைவு என்றவுடன் மகிழ்ந்துவிடக்கூடாது. விழுந்ததற்காகச் செவிலியரைத் திட்டுகிற இடத்தில், விழுகைகள் எழுதப்படுவதில்லை. எழுதாத காரியத்தைத் திருத்தவும் முடியாது.

சவுலின் பேரனாகிய மேவிபோசேத்தின் வரலாற்றை நாம் அறிவோம். ஐந்து வயதில், யுத்தச் செய்தி கேட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதியின் அவசரத்தில் விழுந்து முடவனானான். அந்தத் தாதி அன்பில்லாதவள் அல்ல. அவனைக் காப்பாற்றவே ஓடினாள். இன்றும் இரவில் ஒரே செவிலியர் நிறைந்த வார்டு முழுவதையும் பார்க்கும்போது, ஒரு கட்டிலில் மூச்சுத்திணறலைக் கவனிக்கும் நேரத்தில் மறு கட்டிலில் ஒருவர் எழுந்துவிடுகிறார். அங்கே குறைவுபடுவது அன்பல்ல, கைகளின் எண்ணிக்கை.

கைப்பிடிச்சுவர் கட்டுங்கள்

உபாகமம் 22-ம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவரும் கட்டவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். ஒருவன் விழுந்து, அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கு அந்தக் கட்டளை. பலிகளைக் குறித்தும் பண்டிகைகளைக் குறித்தும் பேசின தேவன், மொட்டைமாடிச் சுவரைக் குறித்தும் பேசினார். விழுந்தவனை எடுப்பது இரக்கம். விழாதபடி சுவர் கட்டுவதும் அவர் பார்வையில் இரக்கமே.

1909-ல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிய காலத்தில், பெண்கள் இந்தப் பணிக்கு வருவதையே சமுதாயம் தாழ்வாக நினைத்தது. அன்று சபைகள் கொடுத்த மகள்களாலும் காணிக்கைகளாலும் இந்த ஊழியம் வேரூன்றியது. இன்றும் உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி கழிப்பறைக் கம்பியாகவும், வழுக்காத தரையாகவும், கட்டில் சக்கரமாகவும், இரவு டியூட்டிக்கு இன்னுமொரு செவிலியரின் சம்பளமாகவும் மாறும்போது, அது வீணாய்ப் போயிற்று என்று எண்ணவேண்டாம். அவற்றின்மேல் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் வைக்க இடமிராது. ஆனால் நடந்துவந்த ஒரு தாய் நடந்தே வீடு திரும்புவார்.

உங்கள் வீட்டிலும் சபையிலும் இதே கண்ணோடு ஒருமுறை சுற்றிப்பாருங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? பாட்டி இரவில் எழும் வழியில் விளக்கு உண்டா? ஆலயப் படிக்கட்டில் கைப்பிடி உண்டா? திருவிருந்துக்கு முன்னே வரும் முதியவருக்குக் கைகொடுக்க ஒரு வாலிபன் நிற்கிறானா? செலவில்லாத ஊழியம் இது.

ஜெபக் குறிப்புகள்

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களின் பெலத்துக்காகவும் விழிப்புக்காகவும் ஜெபியுங்கள்.

விழுந்து எலும்பு முறிந்து படுக்கையிலிருக்கும் முதியவர்களுக்காகவும், அவர்களைக் கவனிக்கும் மகள்கள், மருமகள்களுக்காகவும் ஜெபியுங்கள்.

செவிலியர் பயிற்சி பெறும் மாணவியர், அவசரத்தின் நடுவிலும் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கேட்கும் பொறுமையைக் கற்றுக்கொள்ள ஜெபியுங்கள்.

 தேவன்தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் வழுவாமல் காத்து நடத்துவாராக.